வீட்டில் அமிட்ரிப்டிலின் மாத்திரை இருக்கிறதா?

மனச்சோர்வுக்கான பழைய மாத்திரைகளில் இமிப்ரமின் 1950-களின் கடைசியிலும், அமிட்ரிப்டிலின் 1961-லும் வந்தவை. புதியவை எத்தனையோ வந்தும் இவற்றை இன்னும் எழுதித் தருகிறார்கள்.

1. "கால் எரிச்சலுக்குப் போனால் மனநோய் மாத்திரை தந்துவிட்டார்" என்று பதற வேண்டாம். நரம்பு வலி, ஒற்றைத் தலைவலிக்கு 10 அல்லது 25 மி.கி. என்று குறைந்த அளவில் தருவது வழக்கம்தான்.

2. தூக்கம் வரும் என்பதால் பெரும்பாலும் இரவில்தான் போடச் சொல்வார்கள். காலையிலும் மந்தமாக இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். மது கூடவே கூடாது.

3. பக்கவிளைவுத் தொந்தரவு முதல் நாளே வரலாம். மனச்சோர்வு குறைய 2 முதல் 4 வாரம் ஆகும். பலர் மாத்திரையைக் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். இந்த நாட்களில் படபடப்பு கூடினாலோ சாவைப் பற்றிய பேச்சு வந்தாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள். 14416-இல் டெலி மானஸ் ஆலோசனை இலவசம்.

4. வாய் வறண்டால் அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், கொஞ்சம் சோம்பு. மிட்டாய் சப்பினால் பல் சொத்தையாகும். மலச்சிக்கலுக்குக் கீரை, கொய்யா.

5. படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீர்கள். ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பெரியவர்கள் பாத்ரூம் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும்.

6. கண் அழுத்தம், புராஸ்டேட் வீக்கம், இதயக் கோளாறு, வலிப்பு இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். சளி மாத்திரை, டிரமடால் போன்ற வலி மாத்திரைகளையும் கேட்காமல் சேர்க்காதீர்கள்.

7. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: பூட்டி வையுங்கள். ஃபிரிட்ஜ் மேல் டப்பாவில் வைப்பது பாதுகாப்பு ஆகாது. அளவு மீறினால் இதயத் துடிப்பையே குலைக்கும் மருந்து இது. சிறு குழந்தைக்குச் சில மாத்திரைகளே உயிருக்கு ஆபத்து. மனம் உடைந்திருப்பவர் வீட்டில் இருந்தால் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி, வேறொருவர் வைத்திருந்து கொடுப்பது நல்லது. யாராவது அதிகமாக விழுங்கிவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்க வேண்டாம், வாந்தி எடுக்கவைக்கவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

8. திடீரென நிறுத்தினால் குமட்டல், தலைவலி, தூக்கமின்மை வரலாம். டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறையுங்கள். அட்டை தீர நாலைந்து நாள் இருக்கும்போதே சீட்டைத் தேடி வையுங்கள். சீட்டில்லாமல் மருந்துக்கடையில் தரக் கூடாது.