மீனும் கீரையும் ஒரே நீரில்

மீன் வளர்க்கும் தொட்டியின் நீரை, மண்ணின்றிப் பயிர் வளர்க்கும் பாத்திகளுக்குச் செலுத்தி, அங்கே தூய்மை பெற்ற நீரை மீண்டும் மீனுக்கே திருப்பும் முறையை அக்வாபானிக்ஸ் என்பர். பசுமைக்குடில்களில் இன்று பரவிவரும் இம்முறையின் தத்துவத்தை அறிய, கொல்கத்தாவை அடுத்த நியூ டவுன் நகரத்தார் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அவர்கள் நகருக்குத் தெற்கே, ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்பில் கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலங்கள் விரிந்து கிடக்கின்றன.

மாநகரின் கழிவுநீர் கால்வாய்கள் வழியே இங்குள்ள மீன் குளங்களை அடைகிறது. 'பேரி' எனப்படும் இக்குளங்கள் ஆழம் குறைந்தவை. ஆதலால் வெயில் நீரினுள் நன்கு ஊடுருவுகிறது. பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. அதில் விடுபடும் சத்தை உண்டு பாசி பெருகுகிறது. ரோகு, கட்லா முதலிய மீன்கள் அவ்வுணவில் வளர்கின்றன. கரையோரத்தில் நட்ட ஆகாயத்தாமரை அலைகளினின்று கரையைக் காக்கிறது. குளத்தினின்று வெளியேறும் நீர் நெல் வயல்களுக்குப் பாய்கிறது. செம்படவர்கள் அனுபவத்தால் கண்ட இந்த ஏற்பாட்டை, துருவஜோதி கோஷ் என்னும் அரசுப் பொறியாளர் 1980-களில் ஆராய்ந்து உலகறியச் செய்தார். 2002-இல் இது ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்தது.

பசுமைக்குடிலிலும் உண்மையான உழைப்பாளி பாக்டீரியாவே. மீனின் செவுள் வழியே வெளிப்படும் அம்மோனியா, தேங்கினால் மீனுக்கே நஞ்சாகும். நைட்ரோசோமோனஸ் போன்ற நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா முதலியவை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் செடிக்கு உரம். இந்நுண்ணுயிர்கள் சரளைக் கற்களில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு மீனை நிறைய விடுவோரே பெரும்பாலும் நஷ்டமடைகின்றனர்.

மற்றொரு சிக்கலும் உண்டு. நைட்ரேட் உண்டாகும்பொழுது நீர் சிறிது சிறிதாக அமிலமாகிறது. செடிகள் பி.எச். 6-ஐ ஒட்டிய நீரை விரும்பும். பாக்டீரியாவோ 7-க்கு மேல் சுறுசுறுப்பாக இயங்கும். எனவே 6.8 முதல் 7 வரை சமரசமாக வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குச் சுண்ணாம்பையும் பொட்டாசியக் காரத்தையும் மாற்றி மாற்றிச் சேர்ப்பதுண்டு. மீன் தீவனத்தில் குறைவாக உள்ள கால்சியமும் பொட்டாசியமும் இதனால் பயிருக்குக் கிடைத்துவிடுகின்றன. இரும்புச்சத்தைத் தனியே அளிக்க வேண்டும். இல்லையேல் இளந்தளிர் வெளுக்கும்.

வங்காளத்துக் கோடையில் குடிலின் வெப்பமே பெரும் பகை. 20 பாகை சென்டிகிரேடில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 பாகையிலோ சுமார் 7.5 மில்லிகிராமே கரையும். மின்சாரம் நின்று பம்பும் நின்றால், நெருக்கமாக விட்ட மீன்கள் சில மணி நேரத்தில் மடியக்கூடும். காற்றையும் சுவாசிக்க வல்ல மாகுர், கோயி எனும் பனையேறிக் கெண்டை ஆகியவை இத்தகைய வேளைகளில் தாக்குப்பிடிக்கும். வங்காளத்தார் அவற்றை விரும்பி உண்பதும் ஒரு வசதியே!

பம்பு முதலிய செலவுமிக்க சாதனங்களைத் தவிர்க்கும் எண்ணம் இம்மாநிலத்துக்குப் புதிதன்று. 1946-இல் ஷோல்டோ டக்ளஸ் என்பார் காலிம்பாங்கில் மண்ணில்லாச் சாகுபடிச் சோதனைகளைத் தொடங்கினார். கல்நொறுக்கும் மணலும் நிரப்பிய எளிய தொட்டிகளில் உர உப்புக்களைத் தூவி நீர் தெளிப்பதே அவர் முறை. அது 'வங்காள முறை' என்றே பெயர் பெற்றது.

எனினும் குடிலையும் பேரியையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. குடில் கீரை வகைகளைச் சிறிதளவு நீரில், சிறிதளவு இடத்தில் நன்றாகத் தரும். ஆனால் அதற்குத் தூய நீரும், விலை கொடுத்து வாங்கிய தீவனமும் வேண்டும். அத்தீவனத்தில் பெரும்பாலும் கடல்மீன் தூளும் கலந்திருக்கும். பேரியோ நகரம் கழித்ததையே உணவாக ஏற்கிறது. சால்ட் லேக் நகர், 1960-களில் ஹூக்ளி ஆற்று வண்டலால் இத்தகைய ஏரிகளை நிரப்பி எழுப்பப்பட்டது. எஞ்சியவற்றைக் காக்க 2006-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் மனை விலை உயர உயர, பேரிகளை மேடாக்கும் முயற்சிகள் நின்றபாடில்லை. அவ்வாறு ஒரு குளம் மறைந்தால், அது தூய்மை செய்துவந்த கழிவுநீரை எந்த மாடிக்குடிலும் ஏற்றுக்கொள்ள இயலாது.