கண்ணில் படாத பட்டை

மகிழுந்தில் தேய்ந்துபோகும் உறுப்புகள் பெரும்பாலும் முன்கூட்டியே தம் நிலையைக் காட்டிவிடும். பிரேக் கட்டை தேய்ந்தால் கிறீச்சிடும். மின்கலம் வலுவிழந்தால் வண்டியை முடுக்கும்போதே தெரியும். டயர் தேய்ந்தால் கண்ணாலேயே காணலாம். ஆனால், நேற்றுவரை எந்தக் குறையும் காட்டாமல் உழைத்துவிட்டு, ஒரு நொடியில் அறுந்து இயந்திரத்தையே பாழாக்கக்கூடிய உறுப்பு ஒன்று உண்டு. அதுதான் டைமிங் பெல்ட் எனப்படும், பற்கள் கொண்ட இரப்பர்ப் பட்டை.

இயந்திரத்தின் கீழ்ப்பகுதியில் பிஸ்டன்கள் மேலும் கீழுமாக இயங்கி, கிராங்க் தண்டைச் சுழற்றுகின்றன. மேற்பகுதியில் கேம் தண்டு சுழன்று வால்வுகளைத் திறக்கிறது. சில வால்வுகள் காற்றை உள்ளே விடுகின்றன. மற்றவை எரிந்த புகையை வெளியேற்றுகின்றன. கிராங்க் தண்டு இரண்டு முறை சுழன்றால், கேம் தண்டு சரியாக ஒரு முறை சுழல வேண்டும். இக்கணக்கு பிசகாமல் இரண்டையும் இணைப்பதே டைமிங் பெல்ட்டின் வேலை. கிராங்க் தண்டு நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும்போது, ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது.

பல இயந்திரங்களில், திறந்த வால்வு இறங்கி நிற்கும் இடத்திற்கே பிஸ்டனும் மேலேறி வருகிறது. வால்வு விலகிய பின்னரே பிஸ்டன் அங்கு வந்து சேரும் என்பதால் இரண்டும் மோதுவதில்லை. பட்டை அறுந்தால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். கேம் தண்டு நின்றுவிட, சில வால்வுகள் திறந்தபடியே இருக்கும். கிராங்க் தண்டோ உடனே நிற்காது. மகிழுந்தின் வேகம் அதைத் தொடர்ந்து சுழற்றும். மேலேறும் பிஸ்டன் மோதி வால்வை வளைத்துவிடும். வளைந்த வால்வு சரியாக மூடாது; அதனால், இயந்திரத்திற்குள் காற்று அழுத்தம் பெறாது. மோதல் கடுமையானால் பிஸ்டனும் உடையலாம். சில இயந்திரங்களில் மட்டும் போதிய இடைவெளி இருப்பதால் இம்மோதல் நேர்வதில்லை.

நெடுஞ்சாலையில் பட்டை அறுந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இயந்திரம் நின்றதும் ஸ்டீயரிங் கனக்கும். பிரேக்கை அழுத்தக் கூடுதல் பலம் தேவைப்படும். ஓட்டுநர் பதற்றப்படாமல் எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, அவசரத் தடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். இயந்திரத்தை மீண்டும் முடுக்கிப் பார்க்கக்கூடாது. ஒவ்வொரு முயற்சியும் மேலும் சில வால்வுகளை வளைக்கக்கூடும்.

“நன்றாக ஓடும் வண்டியை ஏன் பிரிக்க வேண்டும்?” என்று சிலர் பட்டை மாற்றுவதைத் தள்ளிப்போடுகின்றனர். நன்றாக ஓடுவது பட்டை உறுதியாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது. பட்டை மூடிக்குள் மறைந்திருப்பதால் அதன் வெடிப்புகள் எளிதில் புலப்படுவதில்லை. வெப்பமும் கசியும் எண்ணெயும் இரப்பரை நலிவடையச் செய்கின்றன. நெரிசலில் வண்டி நகராவிட்டாலும் பட்டை சுழன்றுகொண்டே இருக்கும். எனவே, தயாரிப்பாளரின் கையேடு குறிப்பிடும் தூரத்தையும் ஆண்டுக்கணக்கையும் பார்த்து, எது முதலில் வருகிறதோ அதற்குள் பட்டையை மாற்ற வேண்டும். பட்டையை இறுக்கிப் பிடிக்கும் உருளையையும் நீர்ப் பம்ப்பையும் அப்போதே சோதிப்பது நல்லது. அவை இறுகி நின்றாலும் பட்டை அறுந்துவிடும்.

எல்லா மகிழுந்துகளிலும் இப்பட்டை இருப்பதில்லை. 1994இல் அறிமுகமான பெரோடுவா கஞ்சிலில் டைமிங் பெல்ட் உண்டு. 2005இல் வந்த மைவியின் சில வகைகளில் அதற்குப் பதிலாக உலோகச் சங்கிலி உள்ளது. பழைய மகிழுந்து வாங்குவோர், அதில் இருப்பது பட்டையா, சங்கிலியா என முதலில் அறிய வேண்டும். பட்டை என்றால், அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். அதற்கான பட்டறைச் சீட்டு இல்லையெனில், பட்டை பழையது என்றே கருதி மாற்றிவிடுவது பாதுகாப்பானது. மாற்றிய தேதியையும் ஓடிய தூரத்தையும் குறித்து வண்டியிலேயே வைத்தால், அடுத்து ஓட்டுபவருக்கும் அக்குறிப்பு உதவும்.