கடைவாய்ப் பல்லும் சம்பளச் சீட்டும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. சாயங்கால டீ நேரம். முப்பத்து நாலு வயது டெய்லர் அக்கா ஒருவர் இடது கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயில் கிராம்பு. பத்து நாளாக இப்படித்தானாம். வலி ஏறினால் ஒரு மாத்திரை, இறங்கினால் மறுபடி மெஷின். அவர் வாயைத் திறந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. மேல்வரிசை முன்பல்லின் நுனியில் சின்னதாக ஒரு பள்ளம். கத்தரியை எடுக்க நேரமில்லாமல் வருடக்கணக்காக நூலைப் பல்லாலேயே கடித்து அறுத்ததில் விழுந்த தேய்மானம் அது.

“டிஸ்பென்சரிக்குப் போகலையா அக்கா?” என்றேன்.

“ஏனுங்க, ஈஎஸ்ஐல பல்லெல்லாம் பார்ப்பாங்களா? காய்ச்சல், பிரசவம், அடிபட்டா, அதுக்குத்தானுங்களே அது?”

அவருடைய சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். மாதச் சம்பளம் 14,000. ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம்) பிடித்தம் 105 ரூபாய். அதாவது சம்பளத்தில் 0.75 சதவீதம். முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம் கட்ட வேண்டும். அது 455 ரூபாய். இரண்டும் சேர்த்து மாதம் 560, வருடத்துக்கு 6,720. இவ்வளவு பணம் அவர் பெயரில் போய்க்கொண்டிருக்க, அவர் கிராம்பைக் கடித்துக்கொண்டிருக்கிறார். இதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

“பல் வைத்தியம் ஈஎஸ்ஐயில் வராது”

வரும். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இந்தத் திட்டம் 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, 1955-இல் கோயம்புத்தூர் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. இது தரும் மருத்துவப் பலன், ‘இந்த நோய்க்கு உண்டு, அந்த நோய்க்கு இல்லை’ என்று பட்டியல் போட்டுத் தருகிற தனியார் பாலிசி மாதிரியானது அல்ல. உடம்புக்குத் தேவையான சிகிச்சை என்பதே அதன் அடிப்படை. வாயும் உடம்பில் சேர்ந்ததுதான். ஈஎஸ்ஐ மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. டிஸ்பென்சரிகள் எல்லாவற்றிலும் பல் டாக்டரும் நாற்காலியும் இருப்பதில்லை, உண்மைதான். இல்லாத இடத்தில் அங்குள்ள மருத்துவர் பரிந்துரைச் சீட்டு எழுதி, பல் பிரிவு உள்ள இடத்துக்கு அனுப்புவார். அந்தச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். “பல் டாக்டர் இங்கே இல்லை” என்ற பதிலோடு பலர் வீடு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பதிலுக்கு அடுத்து நாம் கேட்க வேண்டியது, “அப்படின்னா எங்கே போகணும்னு எழுதிக் கொடுங்க” என்பதுதான்.

2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் வாங்குகிறவர்கள் இதில் வருகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000. ஊதியம் நடுவில் கூடிவிட்டால் அன்றைக்கே அட்டை செத்துவிடும் என்று ஒரு பயம் இருக்கிறது. அப்படியில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ஓடும் அந்தந்தப் பங்களிப்புக் காலம் முடியும் வரை பிடித்தமும் தொடரும், உரிமையும் தொடரும்.

“ஆறு மாசம் பணம் கட்டினாத்தான் அட்டை செல்லும்”

மிக அதிகமாகக் குழப்புகிற இடம் இது. 78 நாள் கணக்கு என்று ஒன்று உண்டு. ஒரு பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பங்களிப்புச் செலுத்தியிருந்தால்தான், உடம்பு சரியில்லாமல் லீவு போடும் நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் பணமாகக் கிடைக்கும். அது வேறு, சிகிச்சை வேறு. சாதாரண மருத்துவச் சிகிச்சை, காப்பீட்டுக்குள் வருகிற வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. வீட்டுக்காரர், பிள்ளைகள், சம்பாதிப்பவரை நம்பியிருக்கும் பெற்றோர் எல்லாருக்கும் சேர்த்துத்தான். ஆனால் அவர்கள் பெயர் பதிவில் ஏறியிருக்க வேண்டும். கம்பெனி மாறினாலும் உங்கள் பத்து இலக்கக் காப்பீட்டு எண் மாறாது. புதுக் கம்பெனியில் புது எண் போட்டுத் தந்தால், பழைய எண்ணைச் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள்.

பல் பிடுங்கின ஒரு நாளுக்கு அந்த 70 சதவீதம் கிடைக்குமா? பொதுவாகக் கிடைக்காது. நோய்க்கால உதவியில் முதல் இரண்டு நாள் காத்திருப்பு நாள். பல்லுக்காகப் போகும் தொழிலாளிக்கு நிஜமான செலவு இழக்கும் அரை நாள் கூலிதான். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் அடைத்தால் தீர்கிற சொத்தையை விட்டுவைத்தால், அரை நாளில் முடியவேண்டியது பின்னால் நாலைந்து நாளைத் தின்னும்.

“அங்கே போனா பிடுங்கத்தான் செய்வாங்க”

இந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் இருக்கிறது. வலி பொறுக்க முடியாமல், முகம் வீங்கின பிறகு போகிறோம். அந்த நிலைக்கு வந்த பல்லைப் பல நேரம் காப்பாற்ற முடியாது, பிடுங்குகிறார்கள். பிடுங்கினதைப் பார்த்தவர்கள் ஊரெல்லாம் சொல்கிறார்கள். சொத்தை அடைப்பதும், காரை எடுத்துச் சுத்தம் செய்வதும், ஈறு வீக்கத்துக்கு மருந்து தருவதும் பல் பிரிவின் அன்றாட வேலைகள். சொத்தை பல்லின் மேல் ஓட்டில் இருக்கும்போது வலியே இருக்காது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் ‘சுரீர்’ என்றால், அடுத்த அடுக்குக்கு இறங்கிவிட்டது என்று பொருள். ராத்திரி தூக்கத்தில் தானாக வலித்து எழுப்பினால், பெரும்பாலும் நரம்பைத் தொட்டுவிட்டது. முதல் இரண்டு கட்டத்தில் போனால் அடைப்பதோடு முடியும். மூன்றாவதில் வேர் சிகிச்சை, அதற்கும் மேல் குறடு.

சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்ற நம்பிக்கையும் இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே காரை கல்லாகப் படியும். அதை எடுத்ததும் அது அடைத்துவைத்திருந்த சந்து நாக்குக்குத் தட்டுப்படும். பல்லைத் தாங்கும் எலும்பை அரித்தது காரைதான். அதை எடுத்த கருவி அல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தச் சுத்தம் இன்னும் முக்கியம். சர்க்கரை கூடினால் ஈறு கெடுகிறது. ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பார்கள். பல்லுக்கு வருவது ஐந்தாவது மூளை நரம்பின் கிளை. பார்வைக்கான நரம்பு இரண்டாவது. இரண்டும் வேறு வேறு. இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

“வெளியே பார்த்துட்டு பில்லைக் கொடுத்தா பணம் வந்துடும்”

இந்த நம்பிக்கையால் கைக்காசை இழந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். தெரு முனை கிளினிக்கில் வேர் சிகிச்சை செய்து, பில்லை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்து நிற்பார்கள். விதி வேறு மாதிரி இருக்கிறது. ஈஎஸ்ஐ சிகிச்சையைத்தான் தருகிறது. நாமாகவே வெளியே செய்துகொண்ட செலவைத் திருப்பித் தருவது, விதிகள் அனுமதிக்கும் சில சூழ்நிலைகளில் மட்டுமே. ஆகவே முதலில் டிஸ்பென்சரி, பிறகு பரிந்துரை, அதன் பிறகு சிகிச்சை. இந்த வரிசை மாறக் கூடாது. செயற்கைப் பல் கட்டுவதற்கும் இப்படித்தான்: வெளியே அளவு கொடுப்பதற்கு முன் அங்கே கேளுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைப் பல் அடைக்கக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். 2012-இல் வந்த அந்தத் திட்டம், மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் பெரிய சிகிச்சைகளுக்கானது. அன்றாடப் பல் வேலைக்கு அது பொருந்தாது. ஈஎஸ்ஐ இல்லாத குடும்பங்கள் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கோ, சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ போகலாம்.

“பால் பல்தானே, விழுந்து முளைக்கும்”

பெற்றோர் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. ஏறக்குறைய ஆறு வயதில், பால் பற்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எதுவும் விழாமலேயே முளைப்பதால் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறோம். அது நிரந்தரப் பல். போனால் திரும்ப வராது. இரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளையின் வாயை வெளிச்சத்தில் திறந்து, வரிசையில் கடைசியாக நிற்கும் பல்லைப் பாருங்கள். குழியில் கறுப்பாகக் கோடு தெரிந்தால் உங்கள் ஈஎஸ்ஐ அட்டையிலேயே பிள்ளையைக் காட்டலாம்.

ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. குறைந்தது ஐந்து வருடம் காப்பீட்டில் இருந்து, ஓய்வு வயது வந்து விலகியவர், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைக்கும் மருத்துவச் சிகிச்சை தொடரும். பல் அதிகம் தொந்தரவு தரும் வயதில் இதை விட்டுவிடாதீர்கள்.

அந்த அக்காவோடு அடுத்த வாரம் டிஸ்பென்சரிக்குப் போனேன். வரிசையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். டாக்டர் பரிந்துரைச் சீட்டு எழுதித் தந்தார். மருத்துவமனையில் அந்தக் கடைவாய்ப் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. எடுத்துவிட்டார்கள். அதற்குப் பக்கத்துப் பல்லில் தொடங்கியிருந்த சொத்தையை அடைத்துவிட்டார்கள், அது பிழைத்தது. அதைப் பற்றி அக்காவுக்கு அதுவரை தெரியவே தெரியாது.

இந்த மாதச் சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ என்ற வரியைத் தேடிப் பாருங்கள். பிடித்தம் இருந்தால், பல் டாக்டர் எந்த நாளில் உட்காருகிறார் என்று உங்கள் டிஸ்பென்சரியில் கேளுங்கள். வலி வருவதற்கு முன்பே போங்கள்.