கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வரும்முன்

பல் கிளினிக்கில் வேலை பார்க்கும் தங்கச்சிகளிடம் இந்த அக்கா முதலில் கேட்பது: ஹெபடைடிஸ் பி ஊசி மூன்றும் போட்டாச்சா? முதல் ஊசியோடு நின்றுவிடுகிறவர்கள் உண்டு. ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. அது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்து, எதிர்ப்புச் சக்தியின் அளவு 10-ஐத் தொட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். காய்ந்துபோன ரத்தத் துளியில்கூட இந்த வைரஸ் 7 நாளாவது தாக்குப்பிடிக்கும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் ஷேவிங் பிளேடு, நகவெட்டி, டூத் பிரஷ் வழியாக அடுத்தவருக்கும் போகும். அதனால் இவை மூன்றும் ஆளுக்கொன்று இருக்கட்டும்.

அடுத்தது போன். ஸ்கேலிங் நடக்கும்போது எச்சிலும் ரத்தமும் கலந்த நுண்துளிகள் டிரே, விளக்கின் கைப்பிடி, உங்கள் சட்டைக் கை என்று எல்லாவற்றிலும் படியும். நடுவில் போன் அடித்தால் கிளவுஸ் போட்ட விரலாலேயே தள்ளி, ஸ்பீக்கரில் பேசுவது வழக்கமாகிவிட்டது. ராத்திரி அதே போனில்தான் குழந்தை கார்ட்டூன் பார்க்கிறது, சோறும் அப்போதுதான் ஊட்டுகிறோம். வேலை நேரம் முழுக்கப் போன் டிராயருக்குள் இருக்கட்டும். கிளம்பும்போது 70 சதவீத ஆல்கஹால் வைப்ஸால் துடைத்து எடுங்கள்.

யூனிஃபார்மோடு பஸ் ஏறாதீர்கள். கிளினிக்கிலேயே மாற்றி, தனிக் கவரில் கட்டி எடுத்து வாருங்கள். வீட்டில் மற்ற துணிகளோடு சேர்க்காமல், சோப்புத்தூள் போட்டு வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். பிளீச்சிங் போடுகிறவர்கள் அதோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலக்கவே கூடாது, விஷவாயு கிளம்பும். நகம் ஒட்ட வெட்டியிருக்கட்டும். மோதிரம் வீட்டிலேயே இருக்கட்டும்.

உதட்டில் நீர்க்கொப்புளத்தோடு வரும் நோயாளிக்கு அவசரமில்லாத சிகிச்சை என்றால், ஆறிய பிறகு வரச் சொல்லலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது ஹெர்பிஸாக இருந்தால் கிளவுஸ் கிழிசல் வழியாக விரல் நுனிக்கு வரும். அந்த விரலோடு கைக்குழந்தையைத் தூக்கவே கூடாது.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல் என்றால் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். நாற்காலியில் சுகர் நோயாளியும் உட்காருவார், கர்ப்பிணியும் உட்காருவார். உங்களுக்கே காய்ச்சல் என்றால் லீவு கேட்கத் தயங்கவே வேண்டாம்.

கடைசியாக, ஊசி குத்திவிட்டால் டாக்டர் திட்டுவார் என்று மறைக்காதீர்கள். அந்த இடத்தைப் பிதுக்காமல், வாயில் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடனே டாக்டரிடம் சொல்லி, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையென்றால், 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் அந்த மாத்திரையால் பலனில்லை.