கவசக் கேபிளுக்கு ஏற்ற கிளாண்டு

ஐயங்கார்குளம் போன்ற ஏரிப்பாசன ஊர்களிலும் கோடையில் பயிரைக் காப்பது கிணற்று மோட்டாரே. ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்கு மண்ணுக்கடியில் செல்லும் கவசக் கேபிளைத் தரமாக வாங்கும் உழவர்கள், அதன் முனையைப் பிடிக்கும் பித்தளைக் கிளாண்டில் சிக்கனம் பார்க்கிறார்கள். வேண்டாத சிக்கனம் இது! உறைக்குள் உள்ள இரும்புக் கம்பிகள் மண்வெட்டிக்கும் எலிக்கும் மட்டும் தடையல்ல. அவற்றையும் எர்த்துடன் இணைக்க வேண்டும். கிளாண்டு அவற்றை இறுகப் பிடித்தால்தான் அந்த இணைப்பு பெட்டிவரை தொடரும். பெரிய கிளாண்டில் துணி சுற்றி இறுக்கினால் கம்பி பிடிபடாது; தண்ணீரும் புகும்.

எனவே கேபிளில் ஒரு துண்டைக் கடைக்கு எடுத்துச் சென்று, கம்பிச் சுற்றுக்கும் வெளியுறைக்கும் பொருந்துவதையே வாங்குங்கள். மழை படும் இடத்திற்கு டபுள் கம்ப்ரஷன் கிளாண்டு தேவை; ஈரமில்லாத மோட்டார் அறைக்குச் சிங்கிள் போதும். கேபிள் பெட்டியின் அடிப்பக்கமாக நுழையட்டும். மோட்டாருக்குத் தனி எர்த் கம்பியும் அவசியம். மெயினை நிறுத்திய பின், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள்.