வாடிய ஹாம்ஸ்டருக்கு

கவனிப்பாரின்றி மெலிந்த ஹாம்ஸ்டர் ஒன்று நம் கைக்கு வந்து சேருமானால், அதனை நீராட்டிச் சுத்தப்படுத்தவேண்டும் என்று எழும் முதல் ஆசையை அடக்கிக்கொள்வதே உத்தமம். ஏனெனில், நனைந்த அச்சிறு பிராணி வெகு சீக்கிரத்தில் உடற்சூடு இழந்து துவண்டுவிடும். குளிரில் அசைவற்றுச் சுருண்டு கிடப்பதைக் கண்டு மரித்ததென்று தீர்மானித்துவிடாமல், மூச்சு ஓடுகிறதா என்று பொறுமையாய் நோக்கி, உள்ளங்கைச் சூட்டில் மெல்ல மெல்லத் தெளிவிக்கவேண்டும்.

வாலைச் சுற்றி ஈரமும் துர்நாற்றமும் காணப்பட்டால், ஓரிரு நாளில் உயிரைக் குடிக்கவல்ல பேதியின் லட்சணம் அதுவாக இருக்கலாம். கைவைத்தியம் உதவாது, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க.

மற்றபடி, தண்ணீர்ப் புட்டியின் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பதும் (தாகத்தை நோயென்று மயங்குவது எளிது), கூட்டில் வாசனையற்ற காகிதத் துகளை அரையடி ஆழத்துக்குப் பரப்புவதும், முன்பற்கள் ஓயாது வளர்பவையாதலால் அவை நீண்டு வளைந்து உணவைத் தடுக்கின்றனவா என்று கவனிப்பதும் அவசியமானவை. சிரியா இனமாயின், துணை சேர்க்கவே கூடாது. தனிமைதான் அதற்குச் சுகம்.

நாள்தோறும் மாலையில், அது தானாக விழித்தெழுந்த பின்னர், சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வருக.