காலிப் பீப்பாய்

இராமநாதபுர மாவட்டத்தில், குண்டாற்றின் கரையில் அமைந்த ஊர் கமுதி. அது வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கண்மாய்கள் நிறையும். மழை பொய்த்தால் ஒரு குடம் நீருக்கும் மக்கள் அலைய நேரிடும். இத்தகைய நிலத்தில், நீரைச் சேமிக்க உதவும் கலம் எதுவாயினும் அதற்குத் தனி மதிப்பு உண்டு. எனவே எண்ணெய் தீர்ந்த இரும்புப் பீப்பாயை எவரும் குப்பையில் எறிவதில்லை. மேல்மூடியை வெட்டி எடுத்தால் அது நீர்த்தொட்டி. நெடுக்காகப் பிளந்தால் மாடுகளுக்குக் கழுநீர்த்தொட்டி. விரித்துத் தட்டினால் கதவுக்கும் கூரைக்கும் ஏற்ற தகடு. ஒரு பொருளை வீணாக்காமல் மற்றொரு பயனுக்கு ஆக்குவது நற்பழக்கமே. ஆயினும் இந்த ஒரு செயலில், அறியாமை உயிரையே விலையாகக் கேட்கும்.

பேரல் என்றும் டிரம் என்றும் மக்கள் வழங்கும் இப்பீப்பாய், பழைய இரும்புக் கடையிலிருந்து பட்டறைக்கு வருகிறது. தொழிலாளி அதனை உருட்டிப் பார்க்கிறான். உள்ளே எதுவும் குலுங்கவில்லை. திறப்பின் வழியே நோக்குகிறான். இருளன்றி எதுவும் தோன்றவில்லை. "காலிதான்" என்று கூறி வெட்டுச் சுடரை ஏற்றுகிறான். அந்தச் சொல்லில்தான் பிழை இருக்கிறது. எண்ணெய் நீங்கிய பீப்பாய் வெறுமையானதன்று. கண்ணுக்குப் புலப்படாத ஆவி அதனுள் நிறைந்திருக்கிறது.

எரிவது எண்ணெய் அன்று. எண்ணெயிலிருந்து எழும் ஆவியே எரிகிறது. அதுவும் காற்றோடு குறிப்பிட்ட அளவில் கலந்தால்தான் எரியும். பெட்ரோல் ஆவி, காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 பங்கிலிருந்து 7.6 பங்கு வரை கலந்திருக்கும்போது தீப்பற்றும். அதனினும் குறைந்தால் எரியப் போதிய ஆவி இல்லை. மிகுந்தால் எரியப் போதிய காற்று இல்லை. நிறைந்த பீப்பாயில் காற்றுக்கு இடம் மிகக் குறைவு. எண்ணெய் தீர்ந்த பீப்பாயிலோ காற்றும் ஆவியும் ஒருங்கே கூடுகின்றன. நிறைகுடம் தளும்பாது என்பது பழமொழி. பீப்பாய்க்கும் அது பொருந்தும். எண்ணெய் நிறைந்ததைவிட எண்ணெய் தீர்ந்ததே வெடிப்பதற்கு ஏற்றது.

இதற்கு வேண்டிய எண்ணெய் எவ்வளவு? 200 லிட்டர் கொள்ளும் பீப்பாயில் மூன்று தேக்கரண்டி அளவு பெட்ரோல் எஞ்சியிருந்தாலே போதும். அது முழுவதும் ஆவியானால் பீப்பாயினுள் உள்ள காற்று வெடிக்கும் கலவையாக மாறிவிடும். அந்த அளவு எண்ணெய், தகடுகள் இணையும் மடிப்பிலும் துருவின் அடியிலும் எளிதில் மறைந்து நிற்கும். திறப்பைத் திறந்துவைத்தால் ஆவி போய்விடும் என்று நினைப்பதும் தவறு. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆதலால் அது மேலெழுந்து வெளியேறாமல் அடியிலேயே தங்கும். மணம் வீசவில்லை என்பதும் சான்றாகாது. மூக்கு ஆவியின் அளவை அளந்து கூறுவதில்லை.

டீசலும் மண்ணெண்ணெயும் பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே அவற்றின் பீப்பாய்களுக்கு அஞ்ச வேண்டுவதில்லை என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் சூடு ஏறினால் அவையும் ஆவியாகும். ஆக்சிஜனும் அசெட்டிலீனும் கலந்து எரியும் சுடரின் வெப்பம் 3,000 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்டது. அச்சுடர், முதலில் தகட்டைச் சுட்டு, உள்ளே ஒட்டியுள்ள எண்ணெயை ஆவியாக்குகிறது. பின்னர்த் தகட்டைத் துளைத்து அந்த ஆவிக்குத் தீயும் வைக்கிறது. கேட்டை விளைவிக்கும் இரண்டு வேலைகளையும் ஒரே சுடர் செய்துவிடுகிறது.

தீப்பற்றிய கலவை அடைபட்ட கலத்தினுள் நொடிப்பொழுதில் விரிகிறது. பீப்பாயின் மூடி ஏறத்தாழ 57 சென்டிமீட்டர் குறுக்களவு உடையது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு கிலோகிராம் அழுத்தம் மிகுந்தாலே, மூடியின்மீது இரண்டரை டன் விசை தாக்கும். வெடிப்பின் அழுத்தமோ அதனினும் பன்மடங்கு உயரவல்லது. மூடி பிய்ந்து பறக்கும். குனிந்து வேலை செய்பவனின் முகத்தையும் மார்பையும் அது தாக்கும்.

பட்டறைத் தொழிலாளிக்கு மட்டுமன்றி, தீயை அடக்கப் பயின்றவர்களுக்கும் இத்துன்பம் நேர்ந்ததுண்டு. இலண்டன் மாநகரில் டட்ஜன் துறை என்னுமிடத்தில், பழைய எண்ணெய்க் கலங்களை உடைத்து அகற்றும் வேலை 1969-ஆம் ஆண்டில் நடைபெற்றது. ஜூலை 17-ஆம் நாள், முன்பு மிர்சீன் என்னும் எண்ணெய் இருந்த ஒரு பெருங்கலத்தில் தீப்பற்றியது. தீயணைப்புப் படையினர் வந்தபோது தீ அணைந்துவிட்டதாகவே தோன்றியது. கலத்தின் அடிப்புறத்து மூடியைத் திறக்க முயன்றனர். அதன் திருகுகள் கழலவில்லை. அவற்றை வெட்டச் சுடர் வைக்கப்பட்டது. உடனே கலம் வெடித்தது. தீயணைப்பு வீரர் ஐவரும் தொழிலாளி ஒருவரும் உயிர் துறந்தனர். 2016-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள், பாகிஸ்தானின் கடானிக் கடற்கரையில், உடைக்கப்பட்டுவந்த எண்ணெய்க் கப்பல் ஒன்றில் வெடிப்பு நேர்ந்தது. குறைந்தது 26 பேர் மாண்டனர். பீப்பாயாயினும் கப்பலாயினும் எண்ணெய் இருந்த கலத்தின் இயல்பு ஒன்றே.

இந்த இயல்பை நம் நாட்டுச் சட்டமும் கருதியுள்ளது. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டத்தின் வழி 2002-ஆம் ஆண்டில் விதிகள் வகுக்கப்பட்டன. பெட்ரோலியம் இருந்த கலத்தை, அதனுள் எண்ணெயும் ஆவியும் இல்லாதவாறு செய்த பின்னரே பழுதுபார்க்கலாம் என்பது அவ்விதிகளின் கருத்து.

அவ்வாறு செய்வது எங்ஙனம்? முதலாவது, பீப்பாயில் முன்பு என்ன இருந்தது என்பதை அறிதல் வேண்டும்; அறிய இயலாத பீப்பாயைத் தொடாமல் விடுவதே அறிவுடைமை. அடுத்து, எஞ்சிய எண்ணெயை வடித்து, வெந்நீராலும் நீராவியாலும் நன்கு கழுவி, கசண்டு முழுவதையும் நீக்குதல் வேண்டும். பின்னர், ஆவியின் அளவைக் காட்டும் கருவியால் சோதித்தல் வேண்டும். வெட்டும்போதும், வெட்டப்படும் இடத்திற்குச் சற்றுக் கீழ் வரை நீரை நிரப்பி, திறப்புகளைத் திறந்து வைப்பது முறை. நீர் நிற்குமிடத்தில் ஆவிக்கு இடமில்லை. உளியும் சம்மட்டியும் கொண்டு வெட்டினால் தீங்கில்லை என்று எண்ணுதலும் ஆகாது. இரும்பு இரும்பைத் தாக்கும்போது எழும் பொறி ஒன்றே ஆவியைப் பற்றவைக்கப் போதும்.

நீர் அரிதான ஊரில், ஒரு பீப்பாய் நீரை இதற்குச் செலவிட மனம் தயங்கலாம். ஆனால் அந்நீர் காப்பது ஒரு குடும்பத்தின் விளக்கை. நீர்த்தொட்டி ஒன்று வேண்டி ஓர் உயிரை இழப்பது எவ்வகையிலும் ஈடாகாது. கண்ணுக்குத் தோன்றாததெல்லாம் இல்லாததன்று. காலி என்று பிறர் கூறியதை ஏற்காமல், கழுவிச் சோதித்து உறுதி செய்த பின்னரே சுடரை எடுப்பவன், தன்னையும் தன்னை நம்பி இருப்போரையும் காப்பவன் ஆவான்.

பயிற்சி

1. எண்ணெய் நிறைந்த பீப்பாயைவிட எண்ணெய் தீர்ந்த பீப்பாய் வெடிப்பதற்கு ஏற்றதாவது ஏன்?
2. வெட்டுச் சுடர் செய்யும் இரண்டு வேலைகள் யாவை?
3. பீப்பாயை வெட்டுமுன் செய்ய வேண்டுவனவற்றை முறைப்படுத்தி எழுதுக.